முதுகுக்குப் பின்னால் ஒரு விமானம்

அந்த மாவட்டத்துக்கு இருப்பது ஒரே ஒரு ரயில் பாதை, ஒரே ஒரு விமான ஓடுதளம். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கடல். ஒதுங்க இடமில்லாமல் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டன. ரயில் போனால் விமானம் நிற்கும். விமானம் போனால் ரயில் நிற்கும். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால், காதில் பூச்சுற்றுவதாக நினைப்பார்கள்.

ஓடுதளத்துக்குக் கிழக்கே உள்ள காவல் கூண்டில் இருப்பவள், கேட்டைக் காப்பதால் எல்லாருக்கும் கேட்டக்கா. மேற்குக் கூண்டில் இருப்பவன் மீசை. தண்டவாளத்துக்கு ஜல்லி சுமந்துகொண்டிருந்த கேட்டக்கா இந்த வேலைக்கு வந்த அன்றே மேலதிகாரி அவளிடம் சொல்லிவிட்டார்: விமானம் கடக்கும்போது ஓடுதளத்துக்கு முதுகு காட்டியே நிற்க வேண்டும், கண் தண்டவாளத்தை விட்டு அகலக் கூடாது. முன்பொரு முறை கழன்றுபோன சரக்குப் பெட்டி ஒன்று சரிவில் தானாக உருண்டு வந்ததாம். ஓட்டுநர் இல்லாத பெட்டிக்குச் சிவப்பு விளக்கு என்ன, பச்சை விளக்கு என்ன?

அதனால், அத்தனை விமானங்களுக்கு வழிவிட்டவள் தன் கூண்டிலிருந்து ஒன்றுகூட மேலே எழும்புவதைப் பார்த்ததில்லை. முதலில் உள்ளங்கால் அதிரும். பிறகு மேசை மேல் டம்ளர் நடுங்கும். அப்புறம் நெஞ்சுக்கூட்டுக்குள் இடி. இவ்வளவு பாரம் எப்படித்தான் காற்றில் ஏறுகிறதோ! மற்றதெல்லாம் பழகிவிட்டது, அந்த வியப்பு மட்டும் பழகவேயில்லை.

அன்று மாலை விமானத்தில் அவள் மகள் போகிறாள். தூரதேசத்தில் வேலை. குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள், பறக்கப்போகும் முதல் ஆள்.

“ஜன்னல் சீட்டும்மா, உன் பக்கம்தான். ஒரே ஒரு தடவ திரும்பிக் கை காட்டேன்,” என்றாள் காலையில்.

“பெட்டிய மூடுற வழியப் பாருடி.”

“பெத்த பொண்ணவிடத் தண்டவாளம் ஒசத்தியாப் போச்சா?”

அம்மா பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து மூடியை அழுத்தினாள்.

மாலையில் வாக்கி-டாக்கி கரகரத்தது. “அக்கா, மேற்க ஒண்ணுமில்ல. பாப்பா வர்றாளாமே? திரும்பிப் பாத்துக்க, யாரு பாக்கப்போறா?”

“கெழக்கயும் ஒண்ணுமில்ல. நீ மீசைய முறுக்கிக்கிட்டு உன் பக்கத்தப் பாருடா.”

“கல்நெஞ்சுக்காரி! ஆயுசு பூரா ப்ளேனுக்கு முதுகு காட்டியே நம்ம பொழப்பு ஓடுது.”

உள்ளங்கால் அதிர்ந்தது. ஜன்னலில் ஒட்டிய மகளின் மூக்கு அவள் மனசுக்குள் வந்து நின்றது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. ஒரு நொடிதானே? ஆனால் அந்த ஒரு நொடியில் ஒரு பெட்டி உருண்டு வந்துவிட்டால்? வருவது மகளாயிற்றே. பார்வையைப் பிடித்துத் தண்டவாளத்தில் வைத்தாள். வெறுங்கையை மட்டும் தலைக்கு மேல் உயர்த்தினாள், உள்ளங்கை பின்பக்கம் தெரிய.

இடி முதுகில் மோதியது. புழுதி பிடரியில் அறைந்தது. அப்போதுதான், அவள் பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தண்டவாளத்தின் மேலேயே, சாய்ந்த வெயிலில் ஒரு பெரிய நிழல் வந்து விழுந்தது. வால், உடல், விரித்த இறக்கை. விமானம் ஏற ஏற நிழல் தண்டவாளக் கட்டைகளைத் தாவி, புல்லில் வளைந்து, கிழக்கே விலகி விலகிப் போனது. மூச்சுவிடவும் மறந்து பார்த்தாள். அவ்வளவு பெரிசு! அதற்குள்ளே தன் வயிற்றில் கிடந்தவள்.

“அக்கா, பாத்தியா?”

“பாத்தேன்டா.”

“அடிப்பாவி, திரும்பிட்டியா?”

“இல்லடா,” என்றாள். கை இன்னும் மேலேதான் இருந்தது.