மூன்று படங்களும் ஓர் ஊக்கும்

போட்டோவில் இருக்கும் முகத்தைச் சுரண்டிவிட்டால் அந்த ஆள் கப்பலேற முடியாது என்று ஒன்பது வயதில் நான் நம்பினேன். யாரும் சொல்லித் தந்ததல்ல, நானே யோசித்துக் கண்டுபிடித்தது. கப்பல் புறப்படும் தலைமன்னாரில் ஓர் அதிகாரி உட்கார்ந்து போட்டோவையும் ஆளையும் மாறி மாறிப் பார்ப்பார். முகமில்லாத போட்டோவோடு வருகிறவனை, ‘உன்னை நான் எதோடு ஒத்துப் பார்ப்பது, போ வீட்டுக்கு’ என்று திருப்பி அனுப்பிவிடுவார். இந்த ஏற்பாட்டில் எந்தப் பிழையும் எனக்குத் தெரியவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. இலங்கையில், அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகப் பத்துக் காம்பரா, அதாவது பத்து ஒற்றை அறை வீடுகள், கொண்ட லயத்தில் ஐந்தாவது காம்பரா எங்களுடையது. அப்பா, அம்மா, நான், அண்ணன். அண்ணன் கூடப் பிறந்தவன் இல்லை, பெரியம்மா மகன். பெரியம்மா இறந்தபோது அவனுக்கு மூன்று வயது. அம்மா மடுல்சீமைக்குப் போய் அவனை இடுப்பில் தூக்கி வந்தாள், அப்புறம் இறக்கிவிடவே இல்லை. நான் பிறந்து வந்து பார்த்தபோது இடுப்பில் ஏற்கெனவே ஆள் இருந்தது.

மடுல்சீமையில் இருந்த பெரியப்பா இந்தியாவுக்கே குடிபோவதாக எழுதிக் கொடுத்திருந்தார். பாஸ்போர்ட் வேலை முடிந்துவிட்டது, மகனையும் கூட்டிப் போகிறேன் என்று வந்து சொன்னார். மூளையுள்ள எந்தப் பொறாமைக்காரனும் அன்றைக்கே அண்ணனின் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்திருப்பான். அம்மா முழுசாக எனக்கே கிடைக்கப் போகிறாள். ஆனால் எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் வேறு. அவனுக்குப் புதுச்சட்டை. அவனுக்குப் பெட்டி, அதுவும் பச்சை பெயின்ட் அடித்தது. லயத்தில் ஒவ்வொரு காம்பராவிலும் அவனைக் கூப்பிட்டுச் சோறு போட்டார்கள். ஒரு வீட்டில் முட்டை, இன்னொரு வீட்டில் கருவாடு. நானும் கூடவே போவேன். ‘நீ எங்கடா போயிறப் போற, இங்கனதான இருப்ப’ என்று எனக்கு ரசத்தை ஊற்றினார்கள். இந்தியாவுக்குப் போகிறவனுக்கு இங்கேயே முட்டை என்றால் அங்கே என்னவெல்லாம் வைத்திருப்பார்கள் என்று ரசத்தை உறிஞ்சிக்கொண்டே கணக்குப் போட்டேன்.

இங்கே எங்கள் லயத்துச் சுவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காம்பராவுக்கும் அடுத்ததுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தக் கோடியில் தும்மினால் அந்தக் கோடியில் ‘நூறு வயசு’ என்பார்கள். அதனால் கோபம் வந்தால் கத்தித் தீர்க்கும் வசதி யாருக்கும் இல்லை. ஆளுக்கொரு வேலை வைத்திருந்தார்கள். அப்பாவுக்குக் கோபம் வந்தால் கோடாலியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் போய்ச் சவுக்குக் கட்டை பிளப்பார். அம்மா அம்மியில் மிளகாய் அரைப்பாள். சத்தத்தை வைத்தே அடுத்த காம்பரா அக்கா சுவருக்கு மேலாக, “இன்னிக்கு என்னா மதினி, அம்மி பேயாட்டம் ஓடுது, யாரு மேல?” என்று கேட்பாள். அம்மா, “அரிசி வெல மேல” என்பாள். அதோடு சரி. எங்கள் வீட்டில் தேங்காய்ச் சம்பல் உறைப்பாகவும் விறகு தாராளமாகவும் இருந்ததற்கு இதுதான் காரணம். எனக்குத்தான் ஒரு வேலையும் ஒதுக்கப்படவில்லை. கோடாலியைத் தொடக் கூடாது, மிளகாய்க் கை கண்ணில் படும் என்று அம்மிப் பக்கமும் போகக் கூடாது. என் கோபம் போக இடமில்லாமல் விரல் நுனியில் நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் பண்டாரவளையில் எடுத்த போட்டோக்கள் ஒரு கவரில் வந்தன. அண்ணன் மட்டும், நெஞ்சு வரைக்கும், புதுச்சட்டையில். மூன்று பிரதிகள். அம்மா அவற்றை பிஸ்கட் டின்னில் வைத்தாள். வைத்தவள் சும்மா இருந்தாளா? கொழுந்து பறித்து மலையிலிருந்து வந்ததும் கூடையைக் கூட இறக்காமல் டின்னைத் திறப்பாள். சேலைத் தலைப்பால் துடைப்பாள், பார்ப்பாள், மூடுவாள். சாப்பிட்டுக் கை கழுவியதும் மறுபடி. உயிரோடு உள்ள அண்ணன் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்க, காகிதத்தில் இருப்பவனுக்கும் ஒரு பங்கு. என்னை அவள் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பார்த்தது ஒருமுறைதான், எனக்கு அம்மை போட்டிருந்தபோது.

பள்ளிக்கூடம் விட்டு முதல் ஆளாக வந்த ஒரு நாள், டின்னைத் திறந்தேன். என் கால்சட்டையில் பொத்தானுக்குப் பதிலாக ஓர் ஊக்கு இருந்தது. அதைக் கழற்றி ஒரு படத்தில் முகத்தைச் சுரண்டினேன். மூக்கில் ஆரம்பித்து வட்டமாக. முகம் வெள்ளைப் பொட்டானதும் கோபம் போய்விட்டது. அது போன இடத்தில் பயம் வந்து காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. போலீஸ் ஜீப் வரும், பெரியப்பா வருவார், தலைமன்னார் அதிகாரியே நேரில் வருவார். ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, மூலையில் கிடந்த பழைய கொழுந்துக் கூடையைத் தலைவழியே கவிழ்த்து உட்கார்ந்தேன்.

“வெளிய வா, காலு தெரியுது,” என்றான் அண்ணன்.

வந்தேன். அவன் கையில் படம் இருந்தது. அடிப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. “மொகம் இல்லாம கப்பலேற முடியாது,” என்று உளறினேன்.

“இது இல்லாட்டி போக முடியாதா?”

“முடியாது,” என்றேன். கொழும்பில் ஆபீஸ் போட்டு உட்கார்ந்திருக்கும் துரைகூட அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டார்.

“நெசமா?”

“தொரத்தி விட்ருவாங்க.”

அவன் வாசலை எட்டிப் பார்த்தான். பிறகு கையை நீட்டினான். “ஊக்கக் குடு.”

மற்ற இரண்டையும் அவன் சுரண்டினான். என்னைப் போல அவசரமில்லை. காது, கழுத்து எல்லாம் சேர்த்து, சட்டை மட்டும் மிஞ்சும்படி. வேலை என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்ததில் எனக்கு அப்போதும் ஓர் எரிச்சல்.

சாயங்காலம் அம்மா டின்னைத் திறந்தாள். மூன்றையும் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கத்தில் முகம் இருக்குமோ என்பது போல. பிறகு அம்மியின் முன்னால் போய் உட்கார்ந்து அரைக்கத் தொடங்கினாள். எட்டிப் பார்த்தேன், அம்மியில் மிளகாய் இல்லை. வெறும் கல்லில் கல் ஓடியது.

“என்னா மதினி, சம்பலா?” என்றாள் அக்கா சுவருக்கு அப்பாலிருந்து.

“ஆமா,” என்றாள் அம்மா.

அப்பா வந்தார், படங்களைப் பார்த்தார், கோடாலியை எடுத்தார். பத்து வருடமாக விறகு பிளந்த மனிதர் இன்றைக்கு ஆளைப் பிளக்கப் போகிறார் என்று நினைத்தேன். பின்பக்கம் கட்டை பிளக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் எழுந்து அங்கே போனான். நானும் போய்ச் சுவரோரம் நின்றேன்.

“நாந்தான் சித்தப்பா செஞ்சேன். மூணையும்.”

எனக்குப் பொறுக்கவில்லை. முட்டையும் அவனுக்கு, சட்டையும் அவனுக்கு, இப்போது குற்றமும் முழுசாக அவனுக்கா? “ஒன்னு நான்,” என்று கத்தினேன். பொறாமையால் உண்மை பேசியவன் அந்தத் தோட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்பா கோடாலியை நிறுத்தினார். “எதுக்குடா?”

“கோவம்.”

“யாரு மேல?”

நான் அண்ணனைக் காட்டினேன். அப்பா அவன் பக்கம் திரும்பினார். “இவனுக்கு ஒம் மேல கோவம். ஒனக்கு யாரு மேல?”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். “நான் போவல சித்தப்பா,” என்றான்.

அப்பா கோடாலியைத் திருப்பி, காம்புப் பக்கத்தை அவனிடம் நீட்டினார். “இந்தா. காலப் பாத்து.”

அண்ணன் ஓங்கினான். முதல் அடி தரையில் விழுந்தது. அடுத்தது கட்டையின் ஓரத்தைச் சீவியது. அப்புறம் விழுந்த அடியெல்லாம் சரியாக விழுந்தது. மூக்கு ஒழுக ஒழுக அவன் பிளந்துகொண்டே இருந்தான். அப்பா நிறுத்தச் சொல்லவில்லை. என்னை விறகை அடுக்கச் சொன்னார். என் வாழ்க்கையில் கோபத்துக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. அடுக்கு என் தோள் உயரம் வந்தபோது அம்மி நின்றிருந்தது. சுவருக்கு மேலாக அக்கா, “போதும் மதினி, வெறகு மழைக்காலத்துக்கே காணும்” என்றாள்.

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தோம். சாப்பிடும்போது அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான், நானும் சிரித்தேன். அவன் எதற்காகச் சிரித்தான் என்று எனக்குத் தெரியாது. மாட்டியும் அடி வாங்கவில்லையே என்பதற்காக நான் சிரித்தேன். அம்மாவும் அப்பாவும் எங்களைப் பார்க்காமல் சாப்பிட்டார்கள். அதற்கும் எனக்குக் காரணம் தெரியாது.

பாஸ்போர்ட்டுக்கு வேண்டிய படங்கள் இரண்டு மாதத்துக்கு முன்பே கண்டியிலுள்ள இந்திய ஆபீசுக்குப் போய், ஒட்டி, முத்திரை குத்தி, பெரியப்பாவின் பையில் இருந்தன. டின்னில் இருந்த மூன்றும் அம்மா தனக்கென்று கேட்டு எடுக்க வைத்தவை. அடுத்த வியாழக்கிழமை காலை, அப்புத்தளை ஸ்டேஷனில் அண்ணன் ரயிலேறிப் போனான்.