கரண்டைத் திருப்பிக் கொடுத்த அத்தை

கரண்டு வேண்டும் என்று ஆபீசுக்கு நடையாய் நடந்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. வேண்டாம் என்று நடந்தவள் எனக்குத் தெரிந்து என் அத்தை ஒருத்திதான். அவள் போனபோது நானும் கூட இருந்தேன். நாலாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த லீவு. சின்னமனூர் பஸ்சில் ஜன்னலோரம் எனக்கு, மஞ்சள் பை அத்தை மடியில். அதற்குள் என்ன இருக்கிறது என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். வீட்டு மெயின் போர்டிலிருந்து கழற்றிய பீங்கான் பீஸ் கட்டைகள் துணியில் சுற்றிக் கிடந்தன.

கரண்டு ஆபீஸ் ஜன்னலில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, "என்னம்மா, பீஸ் போயிருச்சா?" என்றார்.

"போகல. கழட்டிக் கொண்டாந்திருக்கேன். ஒங்க கரண்டு எனக்கு வேணாம். வாங்கிக்கிட்டு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

அவர் நிமிர்ந்தார். அலமாரியைத் திறந்து விண்ணப்பப் பாரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். புது இணைப்புக்கு இருந்தது, பேர் மாற்றுவதற்கு இருந்தது, மீட்டரை இடம் மாற்றுவதற்கு இருந்தது.

"வீட்ட இடிச்சிட்டீங்களா?"

"இல்ல."

"இணைப்பு யார் பேர்ல இருக்கு? அவுக தவறிட்டாகளா?"

"என் பேர்லதான் இருக்கு. தவறல, ஒங்க முன்னாடிதான் நிக்கிறேன்."

பின்னால் வரிசையில் நின்ற தோட்டக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அப்படி ஒரு பாரம் எங்காவது இருந்திருக்கும். அன்றைக்கு அந்த அலமாரியில் இல்லை. கடைசியில் அத்தை ஒரு வெள்ளைத்தாளில் தானே எழுதி, முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு, பையை மேசைமேல் வைத்துவிட்டு நடந்தாள். "யம்மா, பைய எடுத்துட்டுப் போங்கம்மா" என்ற குரல் தெருமுனை வரைக்கும் வந்தது.

திரும்பும் பஸ்சில் கேட்டேன்: "அத்தை, இனிமே பேன் எப்படி ஓடும்?"

"ஓடாது" என்றாள், அது ஒரு நல்ல பதில் என்பதுபோல.

அத்தை அப்பாவுக்குத் தங்கை. மாமா இறந்த பிறகு அவர் வைத்திருந்த மோட்டார் ரிப்பேர் கடையைக் காலி செய்து, சாமான்களை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பது அவள் தொழில். அப்போதெல்லாம் எங்கள் பக்கம் கரண்டு பாதி நாள் இருக்காது. வந்தாலும் ஒருநாள் மங்கும், ஒருநாள் எகிறும். அதில் மோட்டார்கள் கருகும். கருகினால் அத்தைக்கு வேலை. கரண்டு ஒழுங்காக வந்திருந்தால் அவள் பாடு திண்டாட்டமாகியிருக்கும் என்று அம்மா சொல்வாள்.

அதனால் கரண்டு வராத கோபத்தில் அவள் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதற்கு முந்தைய மாதம் அத்தை கம்பி வாங்கத் தேனிக்குப் போயிருந்த அன்று கரண்டு ஆபீஸ் ஆட்கள் வந்து, முன்கதவின் பூட்டை நெம்பி உள்ளே போய், வீட்டுக்குள் இருந்த மீட்டரைக் கழற்றி வெளிச்சுவரில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மீட்டர் வெளியே இருந்தால்தான் ஆள் இல்லாதபோதும் கணக்கு எடுக்கலாமாம். கம்பி வருவதற்காக அடுப்படிச் சுவரில் ஒரு துளை போட்டிருந்தார்கள். அத்தை திரும்பி வந்து அந்தத் துளைக்கு முன்னால் நெடுநேரம் நின்றாள். நான் அதில் கண்ணை வைத்து வெளியே பார்த்தேன். முருங்கை மரம் பாதி தெரிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. யார் சொல்லி இப்படிச் செய்தீர்கள் என்று லைன்மேனிடம் கேட்டதற்கு அவர், "மேல இருந்து ஆர்டர்க்கா" என்றார். மேலே என்றால் எங்கே என்று அத்தை கேட்டதற்கு அவருக்கும் தெரியவில்லை.

ஜூன் மாதம் வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். அத்தை வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் நாலடி உயரத்திலிருந்து தொபுதொபுவென்று கீழே விழும். அங்கே அவள் ஒரு சக்கரம் வைத்தாள். சைக்கிள் ரிம் இரண்டைச் சேர்த்து, சுற்றிலும் காலி பெயின்ட் டப்பாக்களைப் போல்ட் போட்டு முடுக்கியிருந்தாள். யாரோ திராட்சைப் பந்தலைப் பிரித்தபோது வாங்கிப்போட்ட இரண்டு கல்தூண்கள் அதைத் தாங்கின. தண்ணீர் டப்பாவில் விழ, சக்கரம் சுற்ற, பெல்ட் ஒரு பழைய கார் டைனமோவைச் சுற்ற, அங்கிருந்து கம்பி பேட்டரிக்குப் போனது. மூன்று பல்பு எரிந்தது. ரேடியோ பாடியது. செல்போன் சார்ஜ் ஏறியது. சுற்றிக் கொடுத்த மோட்டாரை ஓட்டிப் பார்க்க மட்டும் அவரவர் தோட்டத்துக்கே போனாள்.

எனக்கு அந்த வருஷம் முழுக்க ஒரே சந்தேகம்தான். இவ்வளவு கரண்டைக் கொடுத்த பிறகு தண்ணீருக்குக் களைப்பாக இருக்காதா? சக்கரத்துக்கு மேலே ஓடிவருகிற தண்ணீரில் ஒரு பூவரச இலையைப் போட்டு, இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்லுக்கு வர எத்தனை எண்ணிக்கை ஆகிறது என்று எண்ணுவேன். பிறகு சக்கரத்துக்குக் கீழே ஒரு இலை. மேலே பதினெட்டு வந்தால் கீழே பத்தொன்பது வரும். மறுதடவை பதினாறு வரும். கண்டுபிடிக்க முடியவில்லை. அத்தையிடம் கேட்டால், "இன்னும் நாலு எல போட்டுப் பாரு" என்பாள்.

ஊரெல்லாம் இருட்டிக் கிடக்கும் சாயங்காலங்களில் அவள் வீடு மட்டும் வெளிச்சமாக இருந்தது. தெருவில் பாதிப்பேர் செல்போனைக் கொண்டுவந்து சொருகிவிட்டு உட்கார்ந்து கதை பேசினார்கள். அந்த வெளிச்சம் ரொம்ப தூரம் தெரிந்திருக்க வேண்டும்.

காலாண்டு லீவில் ஒருநாள் காலை நான் இலை விட்டுக்கொண்டிருந்தபோது கரையோடு ஒருவர் நடந்து வந்தார். இளவயது. பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டியிருந்தார். "பாப்பா, இங்கன ஏதோ மிஷின் இருக்காமே?" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். பெல்ட் ஏன் நழுவாது, சக்கரம் மெதுவாகச் சுற்றினாலும் டைனமோ ஏன் வேகமாகச் சுற்றும் என்றெல்லாம் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். தண்ணீர் களைப்பது பற்றியும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உட்கார்ந்து தானும் ஒரு இலையை விட்டு எண்ணினார். பிறகு செல்போனில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவு நல்ல பெரியமனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் அதே ஆள் வாய்க்கால் ஆபீஸ் ஜீப்பில் வந்து இறங்கினார். கூட நாலு பேர், கடப்பாரை. அவர் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

"வாய்க்கா அரசாங்கத்துதும்மா. இதுல எதுவும் வைக்கக் கூடாது."

"வாய்க்கா ஒங்களுதுதான். நான் தண்ணிய அள்ளலையே? வந்த தண்ணி பூராம் அப்படியே கீழதான போகுது?"

அவர் விழுகிற தண்ணீரைக் கொஞ்சநேரம் பார்த்தார். "போகுதும்மா. ஆனா ஓடுதுல்ல, அந்த ஓட்டமும் அரசாங்கத்துதுதான்."

இதை நான் மிகவும் யோசித்தேன். ஓட்டம் அரசாங்கத்துடையது என்றால் அந்தச் சத்தம் யாருடையது? கரையில் உட்கார்ந்தால் முகத்தில் அடிக்கிற குளிர்ச்சி யாருடையது? கேட்டிருப்பேன். அதற்குள் சக்கரத்தைப் பிடுங்கிக் கரையில் போட்டுவிட்டார்கள்.

எடுத்துப் போகிற சாமான்களுக்கு ரசீது வேண்டும் என்று அத்தை சொன்னாள். அவர் துணி துவைக்கிற கல்லில் தாளை வைத்து எழுதிக் கொடுத்தார். அத்தை முழுக்கப் படித்தாள். 'உரிமையாளரின் சம்மதத்தின் பேரில்' என்று இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இத எடுங்க."

"அது எப்பவும் எழுதுறதுதாம்மா."

"எப்பவும் எழுதிக்கங்க. நான் சம்மதிக்கலையே."

"அடிச்சுத் திருத்துனா செல்லாதும்மா."

"அப்பப் புதுசா எழுதுங்க. நான் தடுக்கல, எடுத்துட்டுப் போங்க. நானாத் தூக்கிக் குடுத்தேன்னு மட்டும் எழுதாதீக."

அவர் இன்னொரு தாளில் முதலிலிருந்து எழுதினார். அதற்கு அரைமணி நேரம் ஆனது. கடப்பாரைக்காரர்கள் புளியமர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

இதையெல்லாம் கேட்டு மிகவும் பயந்தவர் என் அப்பா. அவர் ஒரு அரசாங்க ஆபீசில் எழுத்தர்; எந்த ஆபீஸ் என்று இங்கே எழுதினால் இன்றைக்கும் அவருக்குத் தூக்கம் வராது. தங்கை இருட்டில் கிடக்கிறாள் என்ற வருத்தமும் இருந்தது. மறுநாள் அவர் பாதி நாள் லீவு போட்டுக் கரண்டு ஆபீசுக்குப் போனார். மஞ்சள் பை அலமாரிக்கு அடியில் பத்திரமாக இருந்ததாம். அதை எடுத்துக்கொண்டு, லைன்மேனையும் கூட்டிக்கொண்டு நேரே அத்தை வீட்டுக்கு வந்தார். அத்தை அப்போது ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தாள். மீட்டர் வெளியே போனாலும் மெயின் போர்டு வீட்டு நடைக்குள்ளேயே இருந்ததால், எங்கள் வீட்டில் அவள் கொடுத்து வைத்திருந்த சாவியால் அப்பா கதவைத் திறந்தார்.

அவள் வந்தபோது வீடு முழுக்க விளக்கு எரிந்தது. பேன் ஓடியது. நான் கைதட்டினேன். அத்தை செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். லைன்மேனுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். பிறகு உள்ளே போய்ப் பீஸ் கட்டையைப் பிடுங்கினாள்.

"கோட்டிக்காரி மாதிரி பண்ணாத தாயி" என்றார் அப்பா. "இருட்டுக்குள்ள கெடந்து என்னத்தச் சாதிக்கப் போற? நான் ஒன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"நல்லதுதாண்ணே. என்னயக் கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம்."

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. சாவியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனவர் எட்டொன்பது மாதம் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. எனக்கு இரண்டு பேர்மேலும் கோபம். எரிகிற விளக்கை யாராவது அணைப்பார்களா?

அத்தை அரிக்கேன் விளக்கு வாங்கினாள். திங்கட்கிழமைகளில் தேனி கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனாள். சக்கரம் என்னுடையது, திருப்பித் தாருங்கள். வாய்க்காலில் வைக்க அனுமதியும் தாருங்கள். பல திங்கட்கிழமைகளுக்குப் பிறகு ஒரு கடிதம் வந்தது: தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது. அத்தை அதை மடித்து அரிசி டின்னில் வைத்தாள்.

அடுத்த வருஷம் மே மாதம், வாய்க்கால் வறண்டு கிடந்தபோது, ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. அந்த வாய்க்கால் ஆபீசர். பின்னால் சக்கரம். ஒரு டப்பா நசுங்கியிருந்தது.

"எனக்கு மாறுதல் வந்திருச்சும்மா. சாமான் ரூமக் காலி பண்ணணும். வச்சுக்கிருங்க. எழுத்துல எதுவும் குடுக்க முடியாது."

கிளம்பும்போது என்னிடம் குனிந்து, "களைக்குதா பாப்பா?" என்று கேட்டார். நான் அத்தைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஜூனில் தண்ணீர் வந்த அன்றே அத்தை சக்கரத்தை மாட்டிவிட்டாள். மறுபடி வந்து பிடுங்குவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

"பரிசீலனையில இருக்குன்னு அவுகதான எழுதியிருக்காக? முடிஞ்சதும் சொல்லுவாக" என்றாள் அத்தை.

இன்றுவரை யாரும் வந்து சொல்லவில்லை. பின்னாளில் அவள் கூரையில் சோலார் தகடும் போட்டுக்கொண்டாள். சக்கரம் மறுபடி சுற்றத் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒரு சாயங்காலம் கரண்டு போனபோது அப்பா செல்போனோடு வந்தார். சொருகிவிட்டு உட்கார்ந்தார். அத்தை காப்பி போடப் போனாள்.

அன்றுதான் நான் அவள் பின்னாலேயே அடுப்படிக்குப் போனேன். ஒன்பது மாதமாக நெஞ்சில் கிடந்ததைச் சொன்னேன்.

"அத்தை, அந்த ஆபீசருக்கு மொத மொத எல்லாத்தையும் காட்டுனது நான்தான்."

"தெரியும் ஆத்தா."

"எப்படி?"

"அன்னிக்கு ரசீது எழுதுறப்ப அவருதான் கேட்டாரு, இந்தப் புள்ள எந்தப் பள்ளிக்கூடம்னு. நல்லா வெவரமாச் சொல்லுச்சுன்னாரு."

"ஒனக்கு எம்மேல கோவம் இல்லையா?"

அத்தை அடுப்பைக் கவனித்துக்கொண்டே சொன்னாள்: "கேட்டவுகளுக்குச் சொன்ன. நான் என்ன ஒளிச்சா வச்சிருந்தேன்?"

அத்தை மன்னித்துவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். வாய்க்கால் கரைக்கு ஓடி, இருட்டும்வரை இலை விட்டுக்கொண்டிருந்தேன். மன்னித்துவிட்டாள் என்றேதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு சொல்லை அவள் சொல்லவே இல்லை என்பதும், நான் காட்டியதிலோ அவள் சக்கரம் வைத்திருந்ததிலோ மன்னிக்கவேண்டிய தப்பு ஒன்று இருந்ததாக அவள் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதும் அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.