பெயர் வெட்டிய டம்ளர்

என் சமையலறை அலமாரியில், மற்றப் பாத்திரங்களுக்குப் பின்னால், ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. அதில் யாரும் குடிப்பதில்லை. விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகத் தம்பியின் பெயர். தம்பி என்றால் சித்தப்பாவின் ஒரே மகன். அவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய அன்று, சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த சித்தப்பா தம் கையாலேயே வெட்டிய பெயர் அது. கடைசி எழுத்து சற்றுக் கோணலாக இருக்கும்.

தம்பிக்குப் பத்தொன்பது வயதில் பொன்முடி மலைப்பாதை வளைவொன்றில் பைக் சறுக்கியது. அவன் போன பிறகு சித்தப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தியான வகுப்புக்குப் போக ஆரம்பித்தார். துக்கத்துக்கு வேர் பற்று, அதை விட்டால் இது விடும் என்று புத்தர் சொன்னதை அங்கே படித்தார்கள். சித்தப்பாவுக்கு எதையும் ஒரு முறை வகுத்துச் செய்தால்தான் திருப்தி. பௌர்ணமிதோறும் வீட்டிலிருந்து ஒரு பொருளை யாருக்காவது கொடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டார். முதலில் தம் கைக்கடிகாரம், பிறகு சாய்வு நாற்காலி. அப்புறம் தம்பியின் சட்டைகள், கிரிக்கெட் மட்டை. "கைய மூடியே வச்சிருந்தா வலிக்கத்தான செய்யும் மக்ளே? விரிச்சிரணும்" என்பார் என்னிடம். அவர் முகத்தில் நிம்மதி தெரிகிறதா என்று நான் பலமுறை பார்த்ததுண்டு. தெரிந்ததில்லை.

சித்தி எதையும் தடுக்கவில்லை. டம்ளரை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டாள். காலையில் அதில்தான் காப்பி குடிப்பாள். ஒரு பௌர்ணமியன்று அவள் கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது டம்ளர் இல்லை. "குடுத்தாச்சு. ஆருக்குன்னு கேக்காண்டாம். இனி உனக்கும் லேசாயிரும், கேட்டியா" என்றார் சித்தப்பா. பாத்திரக் கடையிலேயே வயசான மனிதர் ஒன்றை நினைக்கவில்லை. சட்டை கைமாறினால் பத்துச் சட்டையில் ஒன்றாகிவிடும். பெயர் வெட்டிய பாத்திரம் எந்த வீட்டுக்குப் போனாலும் அவனுடையதுதான்.

சித்தி தேடத் தொடங்கினாள். கல்யாண வீடு, துக்க வீடு, தெருமுனைச் சாயாக்கடை, எங்கே போனாலும் கையில் கொடுத்த டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். சுத்தம் பார்க்கிறாளாக்கும் என்று வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சித்தப்பா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். நாலு வருஷம் இப்படிப் போயிற்று.

போன மழைக்காலத்தில் சித்தி படுக்கையில் விழுந்தாள். இனிப் பால் விடலாம் என்று பெரியவர்கள் சொன்ன காலை, சித்தப்பா எழுந்து கடைக்குப் போனார். இந்த நேரத்தில் கடையா என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. திரும்பி வந்தவர் வேட்டி மடிப்பிலிருந்து எடுத்தது அந்த டம்ளரை. அதில் பாலை ஊற்றி, கரண்டியால் அவள் வாயில் விட்டார். பிறகு அவள் விரலைப் பிடித்துப் பெயரின்மேல் வைத்துத் தேய்த்தார். "கிடைச்சாச்சு பாரு, பாரு" என்றார். சித்தி கண் திறக்கவில்லை.

"குடுக்கத்தான் எடுத்துட்டுப் போனேன் மக்ளே. கை வரல்லை. குடுத்தாச்சுன்னு சொன்ன பொறவு எந்த மூஞ்சியோட திருப்பிக் கொண்டு வர?" என்று பிறகு அழுதார். நாலு வருஷமும் அது கடை மேசைக்குள் இருந்திருக்கிறது. தினமும் அதில்தான் சாயா குடித்திருக்கிறார். அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

பதினாறாம் நாள் டம்ளரை என்னிடம் நீட்டினார். "இதுவும் போட்டும். நீ வச்சாலும் சரி, ஆருக்காவது குடுத்தாலும் சரி. எங்கிட்ட சொல்லாண்டாம்."

ஒவ்வொரு பௌர்ணமிக் காலையிலும் அவரிடமிருந்து போன் வரும். மழை, முழங்கால் வலி என்று எதையெதையோ பேசுவார். வைக்கப் போகிற நேரத்தில் குரல் இறங்கிவிடும்.

"அது இருக்கா மக்ளே?"

அலமாரியைத் திறந்து, அந்தக் கோணல் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.

"இருக்கு சித்தப்பா."