எரிந்த மோட்டாரும் என் உயர்ந்த நடையும்

எரிந்த மோட்டார் காயிலின் வாசனையில் கருகிய சர்க்கரையும் கொஞ்சம் மீனும் கலந்திருக்கும் என்பதை நான் சொந்த முயற்சியால் கண்டறிந்தவன். தொண்ணூறுகளின் நடுவில், பதினோராம் வகுப்புக் கோடை விடுமுறையில், பொள்ளாச்சிக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்தில் எழுந்த அந்த வாசனைக்கு முழு உரிமையாளன் நான்தான். இதை இப்படி நேராகச் சொல்ல அன்று எனக்கு வரவில்லை.

கிணறு பொதுக் கிணறு. பெரியப்பா தலைமையிலான எங்கள் குடும்பத்துக்கும், கணவரை இழந்து தனியாக விவசாயம் பார்த்த சரசா அத்தைக்கும் அதில் பங்கு உண்டு. கோடையில் தண்ணீர் கீழே போய்விடும் என்பதால் காலை முதல் பதினொன்றரை வரை எங்கள் 'மொறை'. பிறகு ஊறுவதற்கு அரைமணி நேரம் விட்டு, பன்னிரண்டிலிருந்து அத்தை 'மொறை'. யார் எப்போது ஓட்டினார் என்பதை மோட்டார் ரூம் ஆணியில் தொங்கிய நோட்டில் எழுத வேண்டும். மாவட்டக் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவன் என்பதால் அந்த நோட்டு என் பொறுப்பு.

அன்று நான் தென்னை நிழலில் ஒரு துப்பறியும் நாவலில் கொலையாளியை நெருங்கிக்கொண்டிருந்தேன். பதினொன்றரை கடந்தது, கிணறு வற்றியது, மோட்டார் வெறுமனே சுற்றிக் கருகியது. தன் முறைக்கு வந்த அத்தைதான் புகையைப் பார்த்து ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். நான் மூச்சிரைக்க வந்து நோட்டைத் திறந்து எழுதினேன்: "நண்பகலில் மின்விசை உரிய நேரத்தில் நிறுத்தப்படாமையால் மோட்டார் சேதமடைய நேரிட்டது. போதிய கண்காணிப்பு மேற்கொள்ளப்படவில்லை."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஓர் ஆள்கூட இல்லை.

பெரியப்பா இருமுறை படித்தார். "கலெக்டர் ஆபீஸ் காயிதமாட்ட இருக்குது" என்று மெச்சிவிட்டு, "நண்பகல்னா சரசா மொறையல்லோ?" என்றார்.

"இல்லீங்ண்ணா, நான் வாரப்பவே பொகைஞ்சுட்டிருந்துச்சுங்க" என்றார் அத்தை.

"அவன் எளுதி வெச்சிருக்கறான் பாரம்மிணி. மோட்டார் வந்தாலும் இந்தக் கோடைக்கு உனக்குத் தண்ணி கெடையாது."

அத்தை என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

மோட்டார் காயில் கட்டப் பொள்ளாச்சிக்குப் போயிற்று. அத்தையின் கால் ஏக்கர் தக்காளி பூவெடுத்து நின்ற நேரம் அது. ரோட்டுக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து, செடிக்கு ஒரு சொம்பு வீதம் ஊற்றிக்கொண்டு குனிந்த முதுகோடு வரிசை வரிசையாக நகர்ந்த அவரை மூன்று நாள் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். சுமந்தார், ஊற்றினார், நிமிர்ந்தார், மறுபடி குழாய்க்கு நடந்தார். கடைசி வரிசைக்கு அவர் வந்து சேர்வதற்குள் முதல் வரிசை தலை தொங்கிற்று. என் வாக்கியங்களில் எவருமே எதுவும் செய்யவில்லை. அதற்கும் சேர்த்து வேலை முழுவதையும் அவர் ஒருவர் செய்துகொண்டிருந்தார்.

நான்காம் நாள் காலை, மோட்டாரை இறக்கிக்கொண்டிருந்தபோது, பழைய வரிகளை அடித்துவிட்டு எழுதினேன்: "நான் கதை படித்தேன். மோட்டாரை மறந்தேன். அதை எரித்தேன். அத்தை வந்து நிறுத்தினார்." நோட்டைப் பெரியப்பாவிடம் நீட்டினேன். அவர் அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. நோட்டை மூடி, வேலிப்பக்கம் திரும்பி, "சரசா, மொதல்ல நீ ஓட்டிக்க கண்ணு" என்றார். குரல் வழக்கத்தைவிடச் சன்னமாக இருந்தது. பாதிச் செடிகள் பிழைத்தன.

இன்று அந்தக் கிணற்றை மூடிவிட்டார்கள். ஆழ்குழாய் மோட்டார் தண்ணீர் குறைந்தால் தானே நின்றுகொள்கிறது. நோட்டும் ஆணியும் போய்விட்டன. நான் பிறர் கட்டுரைகளைத் திருத்திப் பிழைக்கிறேன். "தவறு நிகழ்ந்துவிட்டது" என்று யாராவது எழுதியிருந்தால் அந்த வரிக்குப் பின்னால் யார் பதுங்கியிருக்கிறார் என்று தேடி வெளியே இழுக்கிறேன். வாக்கியம் உடனே எழுந்து நடக்கிறது.

எழுதுவதன் சூட்சுமத்தை அந்த நான்கு வரிகளில்தான் பிடித்தேன் என்று சென்ற பொங்கலுக்கு அத்தையிடம் சற்றுப் பெருமையாகவே சொன்னேன். முறத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

"நாலு வரி எளுத நாலு நாளாச்சா கண்ணு? தக்காளிச் செடிக்கு அத்தன பொறுமை இல்லியே."