வாயசைத்த சவம்

உருத்திரபுரத்தில் என் வீட்டு விறாந்தையில் ஒரு குறும்படம் எடுத்தார்கள். அதில் சவமாக நடித்தவர் ஒரு நாடக நடிகை. மெலிந்த உடம்பு, அகன்ற நெற்றி. அவருடைய ஏழு வயது மகளுக்கு அதுதான் முதல் படம். தாயின் சவத்துக்கு முன்னால் இருந்து அவள் பேசி அழவேண்டும்.

மகள் வசனம் பேசும்போதெல்லாம் தாயின் உதடுகளும் சத்தமில்லாமல் அதையே சொல்லும். காலையில் ஒத்திகையின்போதே கவனித்தேன். பாயில் கிடத்திய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"அக்கா, சவம் வாயசைக்குது!" என்று இயக்குநர் கத்தினார். திரும்ப எடுத்தபோதும் அப்படித்தான். "வெளிச்சம் போகுது. இனியும் சரிவராட்டி இந்தக் காட்சியை விட்டிடுவம்."

பிள்ளைக்கு இருந்ததே அந்த ஒரு காட்சிதான். அவளே வழி சொன்னாள்.

"அம்மான்ர வாயைக் கட்டுங்கோ. செத்த ஆக்களுக்குக் கட்டுறதுதானே?"

என் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தேன். நாடியைச் சேர்த்துத் தலையில் முடிந்தார்கள். மகள் பேசி அழுதாள். பார்த்துக்கொண்டு நின்ற என் மனைவியும் மூக்கைச் சிந்தினாள்.

எனக்குப் பெண்களோடு பேசக் கூச்சம். ஆனாலும் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த தாயிடம் கேட்டேன். "பிள்ளை நல்லாச் செய்திட்டா, என்ன?"

"ஓம் அண்ணை. நான் சொல்லிக்குடுக்காத ஒரு சொல்லும் சொன்னவள்." துணியை மடித்தபடியே கேட்டார். "இதை நான் கொண்டுபோகட்டோ? இவளின்ர அடுத்த படத்துக்கும் எனக்கு வேணும்."

சவத்துக்குக் கட்டிய துணியை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அவர் சிரித்துச் சொன்னாரா, கலங்கிச் சொன்னாரா? நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதால் இன்றுவரை தெரியவில்லை.