காலி சிலிண்டர் கேட்டு வந்தவர்

"கேஸ் கம்பெனி எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சு நீ என்னடி பண்ணப் போறே? மொதல்ல உலையப் பாரு, போ" என்று பேத்தியை விரட்டினேன். அவள் போகவில்லை. தம்பியின் நினைவு மலருக்குக் கட்டுரை வேண்டுமாம். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். தம்பிக்கு மரியாதை கொடுத்து எழுத வேண்டும் என்றாள். உயிரோடு இருந்தவரை நான் கொடுக்காத மரியாதை. இருக்கட்டும், இப்போது வாங்கிக்கொள்ளட்டும்.

தம்பி பிறந்தது இராமநாதபுரம் பக்கம், மழை எட்டிப் பார்க்காத ஊரில். அந்தமானில், போர்ட் பிளேரில் மர மில்லுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு மதராஸில் கப்பல் ஏறினார். பிறகு எங்கள் குடும்பத்தையும் வரவழைத்தார். வழியெல்லாம் வாந்தி எடுத்து வந்த நான், கப்பல் துறையில் காத்து நின்ற தம்பியைத் திட்டித் தீர்த்தேன். "திட்டுக்கா. ஆனா திரும்பிப் போகக் கப்பல் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது" என்றார். அதுதான் இந்த ஊரைப் பற்றி நான் கற்ற முதல் பாடம்.

போர்ட் பிளேரில் டாலிகஞ்ச் என்ற பகுதியில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தோம். மில்லில் கழித்துப் போடும் துண்டுகள்தான் எல்லோருக்கும் விறகு. மெயின்லேண்டில் கட்டில் செய்கிற மரத்தை நாங்கள் கஞ்சி வைக்க எரித்தோம். மழை மாதங்களில் அதுவும் நனைந்து புகையும். தம்பி மனைவிக்கு அந்தப் புகையில் மூச்சிழுப்பு வந்தது. பேச ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுவாள். "என் கூடப் பேசாம தப்பிக்கப் பாக்குறா" என்று நான் கேலி செய்வேன். தம்பி சிரிக்க மாட்டார்.

அவளுக்காகத்தான் அவர் மில் வேலையை விட்டு, மதராஸ் கம்பெனி ஒன்றிடம் பேசி, கேஸ் ஏஜென்சி எடுத்தார். கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு தகர ஷெட், ஒரு தள்ளுவண்டி, தம்பி. கப்பலில் நிறைந்த சிலிண்டர் வரும். அதே கப்பலில் காலி திரும்பிப் போக வேண்டும். தம்பி மனைவியின் இழுப்பு குறைந்ததைப் பார்த்து, தெருவில் பலரும் ஆளுக்கொன்று வாங்கினார்கள்.

வாங்கினார்களே தவிர, யாரும் பற்றவைக்கவில்லை. ஒரு வீட்டில் சிலிண்டருக்கு மஞ்சள் குங்குமம். இன்னொரு வீட்டில் அதன்மேல் பூத்துணி விரித்து ரேடியோ. எதிர்வீட்டுப் பெங்காலி தீதி அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு விறகு ஊதிக்கொண்டிருந்தார்.

"தீதி, காலி எங்கே?" என்று தம்பி போய் நின்றார்.

"ஜஹாஜ் நஹீ ஆயா தோ, பையா?" என்றார் தீதி.

கப்பல் வராவிட்டால் என்ன செய்வது? அரிசியையும் பருப்பையும் அப்படி ஒளித்துவைத்துப் பழகிய ஊர், கேஸையும் ஒளித்துவைத்தது.

கப்பலில் வந்த கம்பெனிக்காரர் ஷெட்டைப் பார்த்தார். போன தடவை இறக்கிய நிறைந்த சிலிண்டர்கள் மாற்ற ஆளில்லாமல் அப்படியே நின்றன. "அடுத்த கப்பல்ல காலி ஏறலைன்னா ஏஜென்சி கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார். மில்லில் தம்பியின் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. ஏஜென்சியும் போனால் தம்பி மனைவி மறுபடி புகையில் உட்கார வேண்டும்.

அந்த வாரம்தான் தம்பி மகளுக்குக் கல்யாணம். தம்பி வீடு வீடாகப் போனார். நானும் கூடப் போனேன்.

"மொய் வேணாம். உங்க சிலிண்டரையும் அடுப்பையும் தூக்கிட்டு வாங்க. சமையல் முடிஞ்சதும் நெறஞ்ச சிலிண்டர் ஒண்ணு கையில தர்றேன்."

"எங்களுக்குக் குடுத்ததையே திரும்ப வாங்கிச் சமைக்கிறியா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆமா. பொண்ணையும் நாந்தான் குடுக்கிறேன், சோறும் நாந்தான் போடுறேன். நெருப்பையாவது நீங்க குடுங்க."

கல்யாணத்துக்கு எப்படி இல்லை என்பது? பந்தலுக்குப் பின்னால் அடுப்புகள் வரிசையாக நின்றன. சாம்பாரும் தீதியின் மீன் குழம்பும் பக்கத்தில் பக்கத்தில் கொதித்தன. மறுவீட்டு விருந்து வரை ஊரே அங்கேதான் சாப்பிட்டது. ஓர் அடுப்பு பொசுக்கென்று அணைந்தால், ஒரு காலி கிடைத்ததென்று தம்பி ஓடி வருவார். தாலி கட்டும்போதுகூட அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுடன் கப்பல் ஏறியபோது, காலி சிலிண்டர்களும் கூடவே ஏறின. யாரைப் பார்த்துத் தம்பி கண் கலங்கினார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

அதன்பின் ஊர் கேஸில் சமைக்கப் பழகியது. "கப்பல் வரும், பயப்படாம எரிங்க" என்று ஒளித்துவைத்தவர்களை எல்லாம் தம்பி வைதார். மனைவி போன பிறகும் ஷெட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. கடைசி மழையில் காய்ச்சல் வந்து படுத்தவர் எழவில்லை.

கடல் மோசமென்று அப்போது கப்பல் வந்து வெகுநாள் ஆகியிருந்தது. ஊரில் ஒரு வீட்டிலும் கேஸ் இல்லை. துக்க வீட்டுக்குச் சோறு பொங்க வேண்டிய அக்கம்பக்கத்தார் நனைந்த விறகோடு போராடினார்கள். தம்பியின் கட்டிலை நகர்த்தியபோது, பழைய வேட்டியால் மூடி, சீல் உடைக்காத சிலிண்டர் ஒன்று இருந்தது. தீதி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா தெரியாது.

அவர் மகளை ராணி போல் பார்த்துக்கொண்ட மருமகனுக்கும், மழையில் அவரைச் சுமந்து சென்ற மில்காரர்களுக்கும், துக்கச் சோறு என்று உப்புப் போடாமல் சமைத்த தீதிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று வாசலில் கூடி நின்ற அக்கம்பக்கத்தாரிடம் அந்தச் சிலிண்டரைக் காட்டி நான் சொன்னதையே இங்கேயும் சொல்லி முடிக்கிறேன்.

"எடுத்துட்டுப் போய்ச் சமைங்க. ஆனா காலியத் திருப்பிக் குடுத்துடுங்க. இல்லாட்டி அவன் வந்து நிப்பான்."