கண்ணுக்குள் ஓர் ஆப்பிள்

போன திங்கட்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் சந்திரன் அண்ணாச்சி நின்றார். கையில் ஒரு காபி கப்.

மேலகரத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. குற்றாலத்தில் பேன்சி கடை வைத்திருக்கிறார். சீசன் நேரத்தில் நிற்க நேரமில்லாத மனிதர், அன்று கடையைத் திறக்காமல் வந்திருந்தார்.

"டீச்சர், இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்க. வீட்ல பெரிய சண்டையாப் போச்சு."

வாங்கிப் பார்த்தேன். 'யூ ஆர் தி ஆப்பிள் ஆஃப் மை ஐ.' பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

விஷயம் இதுதான். அவர் மனைவி கோமதிக்கு இரண்டு கண்ணிலும் புரை. பயத்திலேயே ஆபரேஷனை இரண்டு வருஷம் தள்ளிப்போட்டு, ஒருவழியாகப் புதன்கிழமைக்குச் சம்மதித்திருந்தாள். அவளை உற்சாகப்படுத்த அண்ணாச்சி, கடைக்கு வந்த சரக்கில் இதயம் போட்ட கப்பாகப் பார்த்து எடுத்துப் போயிருக்கிறார். கோமதி அதை மூக்குக்கு அருகில் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறாள். 'ஆப்பிள்' புரிந்தது... 'ஐ' என்றால் கண், அதுவும் புரிந்தது. போதாதா?

"'கண்ணுல பூ விழுந்து கெடக்கேன், ஆப்பிள் விழுந்திருக்குன்னு கேலி பண்ணுதியளா'ன்னு அழுதா டீச்சர். ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேங்கா."

சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

அந்தக் கால ஆங்கிலேயர்கள், கண்ணின் நடுவே இருக்கும் கறுப்பு வட்டத்தைக் கெட்டியான உருண்டை என்று நினைத்தார்கள். அதற்கு ஆப்பிள் என்றே பெயர் வைத்தார்கள். பார்வையை விட அருமையானது எது? அதனால், உயிருக்கு உயிரானவர்களையும் அப்படியே அழைத்தார்கள். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன்.

"புரியும்படியாச் சொல்லுங்க டீச்சர்."

"கண்மணி, அண்ணாச்சி. அவ்வளவுதான்."

அவர் காது மடல் சிவந்துவிட்டது. இருபத்தாறு வருஷக் குடித்தனம்!

"நீங்களே வந்து அவகிட்ட சொல்லிருதியளா?"

"நான் சொன்னா அது இங்கிலீஷ் பாடம். நீங்கதான் சொல்லணும்."

சொன்னாரா? கேட்கவில்லை. ஆனால் புதன்கிழமை காலை, துணைக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோ தென்காசிக்குக் கிளம்பியது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெயரைக் கூப்பிட்டதும், கோமதி அண்ணாச்சியின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்கு. வீட்டுக்குப் போயிருவோம்."

அண்ணாச்சி குனிந்தார். சுற்றிலும் பத்துப் பேர். மெதுவாகத்தான் சொன்னார், எனக்கும் கேட்டுவிட்டது.

"என் கண்மணில்லா... போயிட்டு வா. நான் இங்கனயேதான் நிப்பேன்."

கோமதி சட்டையை விட்டாள்.

"நாலு பேருக்கு முன்னால என்ன பேச்சு இது?" என்று முணுமுணுத்துக்கொண்டே நர்ஸ் பின்னால் போனாள்.

மறுநாள், ஆபரேஷன் முடிந்த ஒரு கண்ணின் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் விரல்களைக் காட்டி எண்ணச் சொன்னார். சரியாகச் சொன்னாள். பிறகு திரும்பி, பக்கத்தில் நின்ற புருஷனை மேலும் கீழுமாக, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்னங்க... தலையெல்லாம் இப்படி நரைச்சிட்டு?"

அண்ணாச்சி தலையைத் தடவிக்கொண்டார்.

"நீ பாக்கலேல்லா... அந்தத் தைரியத்துல நரை வந்துட்டு."